வன்னிமடைச் சத்திரத்தின் குறைகள்

வன்னிமடை
6.5.2024

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

அத்தை கற்பகம் எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். மாமாவின் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முனகுகிறது. பெங்களூரில் உன் சுகத்தை எழுது. கல்லூரி வேலை ஒப்பந்தம் முடிந்து வேறு வேலை தேடுகிறாய் என்று உன் அப்பா சொன்னார். வேலை வரும்போது வரட்டும், அதற்காக ஒரு வேளைச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதே.

போனில் பேசலாமே என்பாய். போனில் நான் பேசினால் தெருவுக்கே கேட்கிறது; நீ பேசினால் எனக்கே கேட்பதில்லை. அதனால் கடிதம்.

நம் ஊர் சத்திரம் உனக்குத் தெரியும். சாத்தூர் ரோட்டு விலக்கில் பன்னிரண்டு கல்தூணோடு நிற்கிறதே, அது. காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் வரும்வரை பெண்கள் அங்கேதான் நிற்கிறார்கள். அவர்கள் போனபின் இருபத்திரண்டு பிள்ளைகள் சாயங்காலம் வரை அங்கேதான் இருக்கின்றன. கண் சிகிச்சை முகாம், ரேஷன் கார்டு முகாம் எல்லாமே அங்கேதான். இப்போது மேல்தளத்தில் ஆலங்கன்று வேர்விட்டு, மழை வந்தால் உள்ளேயும் பெய்கிறது. பொறியாளர் வந்து பார்த்து, வருகிற மார்ச்சுக்குள் சரிசெய்யாவிட்டால் இடிக்க வேண்டியதுதான் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். இடித்தால் பிள்ளைகளை எங்கே விடுவது? பாதிப் பெண்கள் வேலையை விட வேண்டியதுதான்.

உங்கள் ஊரில் தென்மரபு நிதியம் என்று ஒன்று இருக்கிறதாம். பழைய பொதுக்கட்டடங்களைப் பழுதுபார்க்கப் பணம் தருகிறார்களாம். எங்கள் சத்திர அறக்கட்டளைக்கு நான்தானே செயலாளர். விண்ணப்பம் என் தலையில் விழுந்துவிட்டது. 'இக்கட்டடத்தின் முக்கியத்துவம் யாது?' என்ற கேள்விக்குத் தலைவர் சோலைச்சாமி பாண்டியர் காலத்தில் ஆரம்பித்து ஆறு பக்கம் சொன்னார். இன்னும் அவருடைய தாத்தா பிறக்கவில்லை. 'பயனாளிகள் எத்தனை பேர்?' என்று ஒரு கேள்வி. கம்பெனிக்குப் போகிற நம் பத்திரகாளியும் அறக்கட்டளையில் உறுப்பினர்தான்; அவளிடம், உன் பெயரைப் பயனாளி என்று போடவா என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். "நான் எதுக்கு மதினி பயனாளி? ஒழைச்சுச் சாப்பிடுதேன். இலவசத்துக்கு நிக்கிறவுக பேரைப் போடுங்க" என்று போய்விட்டாள். இந்த ஊரில் இதுவரை ஒரு பயனாளிகூட அகப்படவில்லை.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். திருத்தி அனுப்பு.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அத்தை

•

பெங்களூரு
19.5.2024

அன்பு அத்தைக்கு,

நான் சுகம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நாலாவது வேளையும் உண்டு, அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். மாமாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்தாமல் டாக்டரிடமும் போகச் சொல்லுங்கள்.

படிவத்தைத் திருத்தியிருக்கிறேன். பாண்டியர்களை வெளியே அனுப்பிவிட்டேன், தலைவர் மாமா மன்னிக்க வேண்டும். 'பயனாளி' வந்த இடத்திலெல்லாம் 'சத்திரத்தைப் பயன்படுத்துவோர்' என்று போட்டிருக்கிறேன். பத்திரகாளி அக்கா இதற்கு ஒத்துக்கொள்வார். மற்றபடி நான் சேர்த்தது ஒன்றுமில்லை. எனக்கு எழுதியதைப் போலவே அவர்களுக்கும் எழுதுங்கள் அத்தை. வேன், பிள்ளைகள், உள்ளே பெய்யும் மழை. அது போதும்.

இரண்டு இடங்களில் நேர்முகத் தேர்வு முடிந்திருக்கிறது. எது கிடைக்கும் என்று தெரியவில்லை.

அன்புடன்
சுகிர்தா

•

வன்னிமடை
10.6.2024

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமா டாக்டரிடம் போனார். எடையைக் குறைக்கச் சொன்னாராம். அன்றிலிருந்து அந்த டாக்டர் படித்தவரா என்ற சந்தேகம் மாமாவுக்கு.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைவர் தன் போட்டோவையும் வைக்க வேண்டும் என்றார். கட்டடத்தின் போட்டோவைத்தான் கேட்கிறார்கள் என்றேன். "கட்டடத்துக்கு முன்னால நான் நிக்கேன், ரெண்டும் வந்துரும்ல" என்றார். அப்படியே எடுத்தோம். ஆலங்கன்று அவர் தலையில் முளைத்த மாதிரி விழுந்திருக்கிறது.

இருபத்திரண்டு பிள்ளைகளின் பெயரையும் நானே கையால் எழுதினேன். எழுதி முடித்ததும் மனசுக்குள் ஒரு பயம் வந்தது. கிடைக்காவிட்டால் என்ன செய்வோம் என்று அதுவரை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை. நீ துணைக்கு இருக்கிற தைரியத்தில்தான் இறங்கினேன்.

வேலை என்னாயிற்று? உடனே எழுது.

அத்தை

•

பெங்களூரு
2.7.2024

அன்பு அத்தைக்கு,

வேலை கிடைத்துவிட்டது. நல்ல அலுவலகம், நல்ல மனிதர்கள், நேற்றுதான் சேர்ந்தேன். வீடும் மாறியிருக்கிறேன், புது முகவரி பின்னால் இருக்கிறது.

ஒரு விஷயம். சத்திரம் பற்றியோ விண்ணப்பம் பற்றியோ இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியாது. காரணம் கேட்காதீர்கள். கோபமும் வேண்டாம்.

மாமாவை நடக்கச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுகிர்தா

•

வன்னிமடை
28.7.2024

சுகிர்தாவுக்கு,

சுகம். உன் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

புது வேலை வந்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கோவிலில் தேங்காய் உடைத்தேன். உடைத்துவிட்டு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். என்ன இந்தப் பிள்ளை, வேலையில் சேர்ந்த மறுநாளே அத்தைக்கு உத்தரவு போடுகிறது என்று இருந்தது. எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் என்ன உனக்குக் கீழே வேலை பார்க்கிற கிளார்க்கா?

நிதியத்திலிருந்து ஆள் வந்து பார்க்கப் போகிறார்கள். ஆகஸ்ட் பதினான்காம் தேதி. ஊரே அதே பேச்சாக இருக்கிறது. உனக்குச் சொல்லாமல் நான் யாருக்குச் சொல்வது?

அத்தை

•

வன்னிமடை
20.8.2024

சுகிர்தாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. நாங்கள் செய்த கூத்தைக் கேள்.

ஆய்வாளர் வருகிறார் என்றதும் தலைவர் கூட்டம் போட்டார். "வீட்டுக்கு ஆள் வர்றப்ப இப்பிடி அலங்கோலமாவா வச்சிருப்போம்? நம்ம ஊரைப் பத்தி என்ன நெனப்பாக?" என்றார். அவர் சொன்னது எங்கள் எல்லோருக்கும் சரியாகவே பட்டது, எனக்கும்தான். ஐந்தே நாளில் ஆலங்கன்றை வெட்டி, ஒட்டடை அடித்து, தூண்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தோம். கிழக்குச் சுவரில் கை நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருக்கிறது அல்லவா? அதன்மேல் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ் கட்டினோம், 'நிதியத்தாரை வருக வருக என வரவேற்கிறோம்' என்று. சிவகாசியில் பிரிண்ட் போட்டது, கலர் அப்படியே கண்ணைப் பறித்தது. மழை ஒழுகிய கறை தெரியாமல் சீரியல் பல்பு.

வந்தவர் விக்னேஷ்குமார் என்று ஒரு ஒல்லித் தம்பி. காரை விட்டு இறங்கியதும் பத்தாயிரம் வாலா வைத்தார்கள். பட்டாசு ஊரில் வாலா இல்லாமல் யாரை வரவேற்பது? அந்த அதிர்ச்சியில் மேலே இருந்து ஒரு முறம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. தம்பி திரும்புவதற்குள் பத்திரகாளி அதன்மேல் அண்டாவைக் கவிழ்த்துவிட்டாள். அவர் அதைப் பார்த்திருந்தால் போதுமே! கையில் கிடைத்த சாட்சியை நாங்களே மூடி வைத்தோம்.

பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் அந்தத் தம்பி கேட்டார். "இங்கே என்னென்ன குறைகள் இருக்கின்றன? வெளிப்படையாகச் சொல்லுங்கள்."

தலைவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க" என்றார்.

"நீங்க வந்ததே எங்களுக்கு நெறவு. குறைன்னு என்னத்தச் சொல்ல?" என்றாள் பத்திரகாளி.

நானாவது சொன்னேனா? ரசச் சட்டியும் கையுமாக நின்றுகொண்டு, "ஒரு குறையும் இல்ல தம்பி, கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்றேன். இலையில் உட்கார்ந்த மனிதரிடம் வேறு எப்படிப் பேசுவது? நம் வாய் அப்படியே பழகிவிட்டதே! அவர் கை கழுவிவிட்டு வந்து, நாங்கள் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் சொன்னது எனக்கே உறைத்தது.

அந்த நிதியமும் பெங்களூரில்தானே இருக்கிறது? ஒரு எட்டுப் போய், எங்கள் ஊர்க்காரர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அத்தை

•

வன்னிமடை
22.9.2024

சுகிர்தாவுக்கு,

நாங்கள் சுகம்.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று மெசேஜ் வருகிறது. எந்த நேரம் போட்டாலும் மீட்டிங். நாட்டையே நீதான் நடத்துகிறாய் போலிருக்கிறது.

நிதியத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. கட்டடம் நன்னிலையில் உள்ளதாம். குறை ஏதும் இல்லை என்று நிர்வாகிகள் மூவருமே உறுதி அளித்தார்களாம். விளக்கம் இருந்தால் இருபது நாளில் எழுத வேண்டுமாம். தலைவர் இரண்டு நாளாக வெளியே வரவில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற பெண்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள், ஆனால் ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உன்மேல் எனக்கு வருத்தம்தான். மறைக்க மாட்டேன். எனக்கென்று நான் கேட்கவில்லையே.

கற்பகம்

•

வன்னிமடைச் சத்திர அறக்கட்டளை
3.10.2024

தென்மரபு நிதியத்தாருக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் நலம். அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். விக்னேஷ்குமார் தம்பிக்கு அன்றைக்கு எங்கள் ஊர்க் காரம் ஒத்துக்கொண்டதா என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

இது விளக்கக் கடிதம். எப்படி எழுதுவது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது எங்கள் உறுப்பினர் பத்திரகாளி சொன்னார்: "வந்தவுககிட்ட குறை சொன்னா நமக்கு அசிங்கம், சரிதான். நம்மாளுககிட்டச் சொல்லலாம்ல? மதினி, நீங்க ஒங்க அண்ணன் மகளுக்கு எழுதுவீகள்ல, அதே மாதிரி எழுதுங்க." அப்படியே எழுதுகிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரிடம் ஒரு குறையும் இல்லை என்றால், நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். கூரை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தம்பி சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்போம், அவர்மேல் தவறில்லை.

இப்போது உள்ளதைச் சொல்கிறோம். வரவேற்பு ஃபிளெக்ஸுக்குப் பின்னால் கிழக்குச் சுவர் இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஃபிளெக்ஸை அவிழ்த்துப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம். கன்றை வெட்டினோமே தவிர வேர் உள்ளேதான் இருக்கிறது. அதற்குள் நாலு இலை விட்டுவிட்டது. அன்றைக்குத் தம்பி நின்ற இடத்துக்கு ஆறடி தள்ளி ஒரு அண்டா கவிழ்ந்திருந்தது. அதன் அடியில் இருந்தது கூரையிலிருந்து விழுந்த காரை. எடை போட்டோம், நாலு கிலோ.

மழை பெய்தால் கம்பெனியில் வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அன்றைக்குப் பெண்கள் பிள்ளைகளோடு சத்திரத்தில் வடக்கு மூலையில் ஒதுங்கி நிற்கிறார்கள், அங்கே மட்டும்தான் ஒழுகாது. மூன்றாவது தூணுக்குப் பக்கம் பிள்ளைகளைப் படுக்க வைப்பதில்லை. மாரிச்செல்வியின் பெண் குழந்தை தூங்கும்போது அதன்மேல் குடையை விரித்து வைத்துவிட்டு அவள் வேலைக்குப் போகிறாள். தலைவர் சோலைச்சாமி ஒரு குறை சொல்லச் சொன்னார்: இந்தச் சத்திரம் தன் காலத்தில் இடிந்தது என்று பேர் வந்துவிடக்கூடாது என்பது அவர் குறை. அதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார். எழுத வேண்டாம் என்றார், எழுதிவிட்டேன்.

எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நீங்க ஒண்ணும் சொல்லலியே மதினி என்று பத்திரகாளி என்னைக் கேட்டாள். எனக்கு இருக்கிற குறை, என் அண்ணன் மகள் மூன்று மாதமாக எனக்குக் கடிதம் போடவில்லை. இதற்கு நிதியம் எதுவும் தர வேண்டியதில்லை.

தங்கள் உண்மையுள்ள
கற்பகம், செயலாளர்

•

பெங்களூரு
9.12.2024

அன்பு அத்தைக்கு,

நான் சுகம். நீங்களும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். இந்த வரியை எழுதவே ஐந்து மாதம் காத்திருந்தேன்.

அலுவலகக் கடிதம் ஆறாம் தேதியே தபாலில் போய்விட்டது. அது உங்கள் கைக்கு வந்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். சத்திரத்துக்கு நிதி கிடைத்துவிட்டது, அத்தை. நீங்கள் கேட்டது முழுவதும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், எனக்கு வேலை கிடைத்தது அந்த நிதியத்தில்தான்.

சேர்ந்த அன்றே இயக்குநர் அருணாதேவி மேடத்திடம் சொல்லிவிட்டேன்: வன்னிமடை விண்ணப்பத்தில் செயலாளராக இருப்பவர் என் அத்தை, படிவத்தைத் திருத்திக் கொடுத்ததும் நான்தான் என்று. "முடிவு வரும்வரை அந்த ஃபைலை நீங்கள் தொடக்கூடாது, அவர்களோடு அதைப் பற்றிப் பேசவும் கூடாது" என்றார். நான் அங்கே இருப்பதையாவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் தலைவர் மாமா ஒரு மூட்டை மிளகாய் வற்றலோடு மறுநாளே என் மேஜைக்கு முன்னால் நின்றிருப்பார். வேலையில் சேர்ந்த புதிது, பயந்துவிட்டேன். போனை எடுத்தால் உங்கள் குரலைக் கேட்டதும் உளறிவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் அந்த மீட்டிங்குகள்.

ஆய்வாளர் வரப்போகிறார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், அதற்கு மேல் வந்த இரண்டு கடிதங்களையும் பிரிக்கவில்லை. அலமாரியில் வைத்திருந்தேன். உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே தினமும் சேலை எடுத்தேன். நேற்றுதான் இரண்டையும் பிரித்தேன். ரசச் சட்டி வந்த இடத்தில் சிரித்தேன். 'கற்பகம்' என்று கையெழுத்துப் போட்டிருந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு நீங்கள் எப்போதும் அத்தைதானே?

குழு கூடிய அன்று உங்கள் ஃபைல் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். ஒரு மணி நேரம் வராந்தாவில் நின்றேன். உள்ளே இரண்டு முறை எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நிராகரிப்பதும் உண்டு. கதவைத் திறந்து வந்த அருணாதேவி மேடம் என் கையில் ஒரு தாளின் நகலைக் கொடுத்தார். உங்கள் விளக்கக் கடிதத்தின் கடைசிப் பக்கம். "மற்ற குறைகளுக்கெல்லாம் குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது. கடைசிக் குறை எங்கள் விதிகளுக்குள் வரவில்லை. அதை நீங்கள்தான் தீர்க்க வேண்டும்" என்றார்.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், அத்தை. வேறு என்ன செய்வது?

என்மேல் இன்னும் வருத்தம் இருந்தால் நாலு வரி திட்டியாவது எழுதுங்கள்.

சுகிர்தா

பின்குறிப்பு: கல்தூணுக்கு இனிமேல் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. இப்போது இதைச் சொல்லலாம்.

•

வன்னிமடை
20.12.2024

என் கண்ணு சுகிர்தாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உன் கடிதத்தை மாமாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தடவை என்னால் முடிக்க முடியவில்லை, அவரே வாங்கி வாசித்தார்.

திட்டச் சொன்னாயே, திட்டத்தான் உட்கார்ந்தேன். ஐந்து மாதம் என்னைப் புலம்ப விட்டாய். உன் அப்பாவிடம்கூட உன்னைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன், அதற்கு இப்போது நான் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? கூப்பிடு தூரத்தில் நம் பிள்ளையே இருந்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று முதலில் ஆத்திரம்தான் வந்தது. அப்புறம் நீ வராந்தாவில் ஒரு மணி நேரம் நின்றதை நினைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்து ஒரு வார்த்தை சொல்வதைவிட அது உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்! அதற்கு மேல் எனக்குத் திட்ட வரவில்லை.

நேற்றுச் சத்திரத்தில் கூட்டம் போட்டோம். நிதியத்தின் கடிதத்தை வாசித்ததும் ஒரே கைதட்டல். வாலா வைக்க ஓடியவர்களைப் பத்திரகாளி தடுத்து நிறுத்தினாள், "கூரை நிக்கணும்லே, கொஞ்சம் பொறுங்க" என்று. தலைவர் மட்டும் கைதட்டவில்லை. யாருடைய சிபாரிசில் கிடைத்தது, யாருக்கு மாலை போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்போதுதான் உன்னைப் பற்றிச் சொன்னேன்.

"நம்ம சுகிர்தாவா? அங்கனயா இருக்கா? அப்ப அவதான் சொல்லி வாங்கிக் குடுத்துருக்கா" என்று எழுந்துவிட்டார்.

"இல்ல, ஃபைல் வந்ததுமே எந்திரிச்சு வெளிய போயிட்டா" என்றேன்.

"ஒரு வார்த்தகூடச் சொல்லலியா?"

"சொல்லல."

அவருக்கு முகம் வாடிவிட்டது. உன்னைக் குறை சொல்லப் போகிறார், நானும் சும்மா விடக்கூடாது என்று வாயைத் திறக்கத் தயாராக இருந்தேன். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அப்ப எவன் தயவும் இல்ல. இது நமக்கே கெடச்சதுப்பா" என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் கைதட்டினார்.

உன் அத்தை
கற்பகம்